டைனோவா, ரிமோட்டா: வண்டியை யாரிடம் டியூனுக்குக் கொடுப்பது?

போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் வாங்கிய இரண்டாம் வருடம் அதை டியூன் செய்தேன், அதாவது எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியுவின் அமைப்புகளை மாற்றினேன். முதல் தடவை, வண்டியை உருளைமேல் ஓடவைத்துத் திறனை அளக்கும் டைனோ வைத்திருக்கும் ஒரு கடையில் நேரில் நின்று. எட்டு மாதம் கழித்து அதே வண்டியை, இன்றுவரை நேரில் பார்த்திராத ஒரு டியூனருக்கு லாக் (ஓடும்போது சென்சார்கள் தரும் அளவுகளின் பதிவு) அனுப்பி அனுப்பி, ரிமோட்டில் திரும்பச் சரிசெய்தேன். இரண்டு வழிக்கும் காசு கொடுத்தவன் என்பதால் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள், எது நல்லது என்று. நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வண்டியில் எதையெல்லாம் மாற்றியிருக்கிறீர்கள்?

கம்பெனி ஈசியு, கம்பெனி டர்போ, கம்பெனி இன்ஜெக்டர் எல்லாம் அப்படியே இருந்து, ஃபில்டர், எக்ஸாஸ்ட் அளவில் மாற்றம் என்றால் ரிமோட் போதும். பொறுமையாக லாக் படிக்கிற ஆள் கிடைத்தால் பல நேரம் அதுவே மேல். இன்ஜெக்டர் மாறிவிட்டது, ஈசியுவையே கழற்றிவிட்டுத் தனி ஈசியு போட்டாகிவிட்டது, எஞ்சினைத் திறந்து பிஸ்டன் மாற்றியாயிற்று என்றால் நேரில்தான் போகவேண்டும். எங்கே அமர்ந்து வேலை செய்கிறார் என்று பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் நடப்பது அவருக்கு எதன் வழியாகத் தெரிகிறது என்று பாருங்கள்.

டைனோவில் இரண்டு வகை உண்டு. பணம் கட்டும் முன் எந்த வகை என்று கேட்பவர்கள் குறைவு. ஒன்று, கனமான உருளையை உங்கள் சக்கரம் எவ்வளவு சீக்கிரம் சுழற்றுகிறது என்பதை வைத்துத் திறனைக் கணக்கிடும் இனெர்ஷியா டைனோ. கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, ரெட்லைன் (எஞ்சின் சுழற்சியின் உச்ச வரம்பு) வரை ஓட்டிக் கிராஃப் எடுக்கலாம். மற்றது உருளைக்கு பிரேக் உள்ள லோட் டைனோ. இதில் எஞ்சினை 3,000 ஆர்பிஎம்மில், கால்வாசி மிதியில், நகரவிடாமல் பிடித்து வைக்கலாம். இக்னிஷனை (பிளக் பொறி விடும் நேரம்) ஒரு டிகிரி கூட்டினால் டார்க் (சுழற்றும் விசை) ஏறுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று அந்த இடத்திலேயே தெரியும். ஈசியு பார்த்து நடக்கும் அட்டவணையான மேப்பை ஒவ்வொரு கட்டமாக இப்படி நிரப்பிக்கொண்டு போகலாம். ரோட்டில் இதைச் செய்ய வழியே இல்லை. ஏற்றமும் இறக்கமும் டிராஃபிக்கும் விடாது.

என் வண்டி ஏறியது முதல் வகை. ராத்திரி ஒன்பது மணி, பானட் திறந்திருக்கிறது, முன்னால் பெரிய ஃபேன், டேங்கில் 100 ஆக்டேன் பெட்ரோல். ஆறேழு ஓட்டம், எல்லாமே முழு மிதி. கம்பெனி சொல்லும் 105 குதிரைத்திறனுக்கு மேல் கிராஃப் அழகாக ஏறியது. அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். சந்தோஷமாக வீடு வந்தேன்.

ஏப்ரல் மாதம் குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறினோம். நான்கு பேர், ஏசி, டேங்கில் சாதா பெட்ரோல். மூன்றாம் கியரில் பாதி மிதியில் ஏறும்போது, தகர உண்டியலில் சில்லறையைக் குலுக்குவது போல ஒரு சத்தம். நாக்கிங்: சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தப்பான நேரத்தில் தானாக வெடிப்பது. ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் இது சீக்கிரம் வரும். வீட்டுக்கு வந்து கேபிள் போட்டு லாக் எடுத்தால், 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள் இரண்டு சிலிண்டர்களில் ஈசியு தானாகவே இக்னிஷனை ஆறேழு டிகிரி பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. டியூன் செய்த அன்று அந்த இடத்தை யாரும் பார்க்கவே இல்லை. மலை ஏறும் வண்டி நாள் முழுக்க இருப்பது அந்த இடத்தில்தான்.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே பூஸ்ட்டை (எஞ்சினுக்குள் டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தம்) எட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழலவேண்டும், காற்று இன்னும் சூடாகும், சூடான காற்று நாக்கிங்கைக் கூட்டும். ஃபேன் முன்னால் நிற்கும் டைனோ அறையில் இது எதுவும் தெரியாது. டைனோவைக் குறை சொல்லவில்லை. அது ஒரு இடத்தில், ஒரு வெப்பத்தில் எடுத்த அளவு. அதைவைத்து ஊட்டிக்கும் சென்னைக்கும் சேர்த்து முடிவு செய்ததுதான் தப்பு.

ரிமோட் டியூனர் எனக்கு முதலில் ஃபைல் (ஈசியுவில் ஏற்றும் புது மேப்) எதுவும் அனுப்பவில்லை. எனக்கு நம்பிக்கை வந்ததே அதனால்தான். எந்த பங்கில் என்ன பெட்ரோல் போடுகிறீர்கள், பிளக் மாற்றி எத்தனை கிலோமீட்டர், பிளக் இடைவெளி எவ்வளவு என்று கேட்டார். அப்புறம் இருக்கிற மேப்பிலேயே மூன்று லாக் கேட்டார்: காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்வது, பத்து நிமிடம் சாதாரணமாக ஓட்டுவது, மூன்றாம் கியரில் 2,000 முதல் ரெட்லைன் வரை ஒரு முழு மிதி. லாக்கில் கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரிலும் பின்னுக்கு இழுக்கப்பட்ட இக்னிஷன் டைமிங், லாம்ப்டா (காற்று–எரிபொருள் கலவையின் அளவு), பெட்ரோல் ரெயில் அழுத்தம், உள்ளே போகும் காற்றின் வெப்பம் எல்லாம் இருக்கவேண்டும் என்றார். இக்கால டர்போ பெட்ரோல் வண்டிகளில் இதற்கான சென்சார்கள் கம்பெனியிலேயே வந்துவிடுகின்றன. ரிமோட் டியூனிங் சாத்தியமானதே அதனால்தான்.

லாக்கைப் பார்த்ததும், "டர்போ தேவைக்கு மேல் உழைக்கிறது, எங்கேயோ லீக் இருக்கிறது" என்றார். பக்கத்து மெக்கானிக் அண்ணன் புகை விட்டுப் பார்த்ததில், டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. தூரத்தில் இருப்பவர் சந்தேகப்படத்தான் முடியும். கண்டுபிடிக்க உள்ளூரில் ஒரு கை வேண்டும். ரிமோட் போகிறவர்கள் நம்பகமான மெக்கானிக் ஒருவரையும் சேர்த்தே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்தில் ஆறு ஃபைல் மாறியது. ஃபைல் ஏற்று, ஓட்டு, லாக் அனுப்பு, பதிலுக்கு ஒரு நாள் காத்திரு. டைனோவில் ஐந்து நிமிடத்தில் முடியும் திருத்தம் இங்கே இரண்டு நாள் எடுக்கும். ஆனால் அந்த மூன்று வாரத்தில் வெயிலிலும் மழையிலும், இரண்டு விதப் பெட்ரோலிலும், மலை மேலும் லாக் எடுத்தாயிற்று. கீழ் ஆர்பிஎம்மில் பூஸ்ட்டைக் குறைத்தார். உச்ச எண் முன்பைவிடக் கொஞ்சம் இறங்கியது. கோத்தகிரி ஏற்றத்தில் அந்தச் சத்தம் மறுபடி வரவில்லை.

இத்தோடு நிறுத்தினால் ரிமோட்தான் உயர்வு என்று ஆகிவிடும். என் நண்பரின் பழைய ஹோண்டா சிட்டி விடெக்கையும் சொல்லவேண்டும். கம்பெனியிலிருந்து 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன், டர்போ கிடையாது. அவர் டர்போ வைத்தார், பெரிய இன்ஜெக்டர், ஃபோர்ஜ்டு பிஸ்டன், தனி ஈசியு. லேப்டாப்பை இணைத்து தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் எனிடெஸ்க் வழியாக வெளிநாட்டு டியூனர் ஒருவர் வேலை பார்த்தார், நல்ல அனுபவசாலி. இருந்தும் ஐந்து மாதம் ஓடியது. தனி ஈசியுவில் காலை ஸ்டார்ட், ஐடில் (மிதிக்காமல் எஞ்சின் ஓடுவது), ஏசி போட்டதும் ஐடில் ஏறுவது எல்லாவற்றையும் சூன்யத்திலிருந்து எழுதவேண்டும். சிக்னலில் ஏசி போட்டால் வண்டி அணைந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் நாக் சென்சார். 4,000க்கு மேல் அது நாக்கிங் காட்டிக்கொண்டே இருந்தது. டியூனர் பாதுகாப்பாக டைமிங்கைக் குறைத்துக்கொண்டே போனார், அவர் செய்தது சரிதான். வண்டியோ சோம்பேறியாகி, எக்ஸாஸ்ட் சூடு ஏறியது.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு லோட் டைனோவில் ஏற்றினோம். அங்கிருந்த டியூனர் பிளாக்கில் மைக் பொருத்தி, ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார், "இது நாக் இல்லைங்க, எதோ இரும்பு உரசுது" என்று. வண்டியைத் தூக்கிப் பார்த்தால் புது டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) ஒரு பிராக்கெட்டைத் தொட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. ஐந்து மாதம் லாக்கில் எண்ணாக மட்டும் வந்த சத்தத்தை ஒரு காது பிரித்துவிட்டது. இரண்டு பகலில் மேப் முழுக்க நிரம்பியது. மூன்றாம் நாள் காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்ப்பதற்காகவே வண்டியை அங்கே விட்டு வந்தோம்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்லவேண்டும். ஐரோப்பாவில் 95 ஆக்டேன்தான் அடிமட்டம், 98 சாதாரணமாகக் கிடைக்கும். அங்கே எழுதிய ஃபைலை அப்படியே இங்கே ஏற்றுவது ஆபத்து. 100 ஆக்டேன் நம் ஊரில் எல்லா பங்கிலும் இல்லை. வெளியூர்ப் பயணத்தில் கிடைத்ததைத்தான் போடுவீர்கள். எத்தனாலும் இருக்கிறது. கலப்பில்லாத பெட்ரோலுக்குக் காற்று–எரிபொருள் விகிதம் 14.7 என்றால், 20 சதவீத எத்தனால் கலந்ததற்கு 13.5 அளவில் வரும். கம்பெனி ஈசியு பெருமளவு தானே சரிசெய்துகொள்ளும், தனி ஈசியுவில் சொல்லிக் கொடுக்கவேண்டும். வெளிநாட்டு ரிமோட் டியூனர் இதைக் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். உள்ளூர் டைனோவிலும், நீங்கள் தினமும் போடும் பெட்ரோலை டேங்கில் வைத்துக்கொண்டே டியூன் செய்யச் சொல்லுங்கள். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

ரிமோட்டில் என்னை உறுத்துவது ரோடு. மூன்றாம் கியரில் ரெட்லைன் என்றால் பல வண்டிகளில் 120, 130ஐத் தாண்டும். நான்கு வழிச்சாலையிலேயே கார்களுக்கான உச்ச வரம்பு 100. கண் லேப்டாப்பில், கால் ஆக்சிலரேட்டரில், எதிரே ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். சாதாரண ஓட்ட லாக்கை ரோட்டில் எடுங்கள். முழு மிதி லாக்கை எடுக்கவேண்டாம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ, கோவையில் கரி ஸ்பீட்வேயிலோ வாய்ப்புக் கிடைக்கும் நாளில் எடுக்கலாம். இல்லையென்றால் உள்ளூர் டைனோவை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, ரிமோட் டியூனரை லைவில் உட்காரவைக்கலாம். இந்த மூன்றாவது வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. நான் அடுத்த வண்டிக்கு இதைத்தான் செய்யப்போகிறேன்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். இன்சூரன்ஸில் சொல்லாத மாற்றம் க்ளெய்மில் சிக்கலாகும். ரிமோட்டில் செய்தாலும் நேரில் செய்தாலும் இது ஒன்றுதான்.

ரிமோட்டில் ஃபைல் ஏற்றுவது உங்கள் கையில் என்பதால், பேட்டரிக்குச் சார்ஜர் போடாமல் தொடாதீர்கள். பாதியில் வோல்டேஜ் இறங்கினாலோ லேப்டாப் தூங்கினாலோ ஈசியு செத்துப்போகலாம். சில புதிய வண்டிகளில் முதல் தடவை ஈசியுவைக் கழற்றித் திறந்தால்தான் எழுதவே முடியும். அங்கே 'வீட்டிலிருந்தபடியே' என்ற வசதி இல்லை.

ரிமோட் என்ற பெயரில் ரெடிமேட் 'ஸ்டேஜ் 1' ஃபைலை விற்பவர்களும் உண்டு. லாக் கேட்காமல் பணம் கட்டிய அரை மணியில் ஃபைல் வந்தால் அது உங்கள் வண்டிக்கு எழுதியது இல்லை. அதேபோல், டைனோ கடையில் முழு மிதி கிராஃப் மட்டும் காட்டி அனுப்பினால் அதுவும் பாதி வேலை. கிராஃப் எண்ணை வேறு கடையின் எண்ணோடு ஒப்பிடுவதும் வீண். உருளை, டயர் காற்று, கணக்கிடும் முறை எல்லாமே மாறும். அதே டைனோவில், அதே நாளில், டியூனுக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு கோடுகளின் இடைவெளியை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, கியர்பாக்ஸ். டிக்யூ200 என்கிற ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்காகச் செய்தது. என் போலோவில் உள்ள பழைய 1.2 டிஎஸ்ஐ எஞ்சின் 175 தருகிறது, கொஞ்சம் இடம் இருக்கிறது. இப்போதைய விர்டஸ், ஸ்லாவியா கார்களின் 1.5 டிஎஸ்ஐ கம்பெனியிலிருந்தே 250 தருகிறது. அந்த வண்டியைக் கொண்டுபோனால் கிளட்ச்சைப் பற்றி டியூனர் தானாகப் பேச்செடுக்கிறாரா என்று கவனியுங்கள். எடுக்காதவரிடம் சாவியும் கொடுக்கவேண்டாம், லாக்கும் அனுப்பவேண்டாம்.