ஃபிளட்டரில் பிடிபடாத பிழை: ஸோன் வேலியா, ஆன்எரரா?

செயலிகள் எழுதும் கருவித்தொகுப்பான ஃபிளட்டரில், அவெய்ட் (முடியும்வரை காத்திரு என்னும் சொல்) போட மறந்த ஃபியூச்சர் (பிறகு முடியப்போகும் வேலை) ஒன்று பிழையை எறிந்தால், கடைசியில் அதை ஏந்த இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று பழைய ரன்ஸோன்ட்கார்டட்: நிரலின் ஒரு பகுதியை 'ஸோன்' என்ற எல்லைக்குள் ஓட்டி, அங்கே பிடிபடாத பிழைகளை ஏந்தும். மற்றது, 2022இல் வந்த ஃபிளட்டர் 3.3 தந்த பிளாட்ஃபார்ம்டிஸ்பாட்சர்.ஆன்எரர்: பிடிபடாத பிழை வந்தால் ஃபிளட்டர் அழைக்கும் சார்பு. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டுக்கும் என் ஓட்டு ஆன்எரருக்கே. (திரையின் கூறுகளான விட்ஜெட்டுகளைக் கட்டும்போது எழும் பிழைகளுக்கு எதை எடுத்தாலும் ஃபிளட்டர்எரர்.ஆன்எரர் தனியாக வேண்டும்.)

எழுதும் வேலை இரண்டிலும் சில வரிகள்தான். விஷயம் ஸோன் போடும் வேலியில் இருக்கிறது. பிழை அந்த வேலியைத் தாண்டாது. உள்ளே உருவான ஃபியூச்சரை வெளியே அவெய்ட் செய்தால், மதிப்பு ஒழுங்காக வரும். பிழையென்றால் எதுவுமே வராது. பிழையைப் பிடிக்க வெளியே வைத்த கேட்ச் ஓடாது, எப்படியும் ஓடவேண்டிய ஃபைனலியும் ஓடாது.

சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் என்ற தரவுச் சேவையிலிருந்து பேருந்து வரும் நேரத்தை எடுக்கும் செயலி என்று வைத்துக்கொள்வோம். அந்த அழைப்பை மட்டும் தனி ஸோனில் போட்டு, ஃபியூச்சரைத் திரைக்குக் கொடுத்தாயிற்று. அலுவலக வைஃபையில் குறையே தெரியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மின்தூக்கிக்குள் சிக்னல் அறுந்ததும் சாக்கெட்எக்செப்ஷன் என்ற இணைப்புப் பிழை எழும். ஸோன் அதை விழுங்கிவிடும். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். லாகில் பிழை பதிவாகியிருக்கும், திரை ஏன் தொங்குகிறது என்பதற்கு மட்டும் அதில் துப்பிருக்காது.

முழுச் செயலியையும் ஒரே ஸோனில் வைத்தால் இந்தத் தொல்லை குறையும். அப்போது ஃபிளட்டரைத் தயார்செய்யும் என்ஷுர்இனிஷியலைஸ்ட், செயலியைத் தொடங்கும் ரன்ஆப் இரண்டும் அதே ஸோனுக்குள் இருக்க வேண்டும். ஒன்று வெளியே நின்றால் 'ஸோன் மிஸ்மேட்ச்' எச்சரிக்கை வரும். டீபக்ஸோன்எரர்ஸ்ஆர்ஃபேடல் என்பதை ட்ரூ ஆக்கினால் அது சோதனையிலேயே பிழையாக வெடிக்கும்.

ஆன்எரருக்கும் பொறி உண்டு. அது ஒற்றை இடம்: புதிதாக ஒன்றை வைத்தால் பழையது போய்விடும். கிராஷ் பதிவு எஸ்டிகே (நூலகம்) முன்பே ஒன்றை வைத்திருந்தால், அதை ஒரு மாறியில் பிடித்துவைத்து உங்கள் வேலை முடிந்ததும் கூப்பிடுங்கள். கையாண்டாயிற்று என்றால் ட்ரூ திருப்ப வேண்டும். கிராஷ்களைத் திரட்டும் சேவையான கிராஷ்லிட்டிக்ஸுக்கு அனுப்பும்போது கண்ணை மூடிக்கொண்டு ஃபேடல் (செயலியைச் சாய்த்த பிழை) என்று குறித்தால், மின்தூக்கியில் அறுந்த ஒவ்வொரு அழைப்பும் கிராஷ் கணக்கில் ஏறும், செயலி ஓடிக்கொண்டிருந்தாலும். நெட்வொர்க் பிழையை அழைக்கும் இடத்திலேயே பிடிப்பதுதான் முறை.

ஐசொலேட்.ஸ்பான் மூலம் தொடங்கிய ஐசொலேட்டில் (தனி நினைவகத்தோடு இணையாக ஓடும் பகுதி) எழும் பிழை இரண்டுக்குமே தெரியாது. அங்கே ஆன்எரர் போர்ட் (பிழைச் செய்தி வந்துசேரும் வாயில்) தனியாகக் கொடுக்க வேண்டும். ஐசொலேட்.ரன் என்றால் கவலையில்லை, பிழை அவெய்ட் செய்த இடத்துக்கே திரும்பி வரும்.