முழங்கால் நோவுக்குப் போனால் மாடிப்படி ஏற வேண்டும்

டொக்டருக்கு முழுப் புள்ளியும் போடலாம், அவர் இருந்து பார்க்கிற இடத்துக்குத்தான் மனம் வருகுதில்லை. யாழ்ப்பாணம் டவுனுக்குள் ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். பின்னேரம் சனல் பண்ணி, அதாவது முன்கூட்டியே நம்பர் எடுத்து, எலும்பு டொக்டரிடம் அம்மாவைக் காட்டினோம். பகலில் அரச ஆஸ்பத்திரி வேலையை முடித்துவிட்டு வருகிறவர், ஐந்து மணி என்றால் ஆறரை ஆகும், அது இங்கே எல்லாருக்கும் பழகினதுதான். ஆனால் மூட்டு நோயாளிகளைப் பார்க்கிற அறையை மாடியில் வைத்துவிட்டு லிஃப்டும் போடாமல் விட்டிருக்கிறார்களே, இதற்கு யார் பிளான் கீறினது? மாக்கட்டுப் போட்ட காலோடு வந்த ஒரு பெடியனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மேலே கைபிடி இல்லாத பதிந்த கதிரைகள், இருந்தால் எழுப்பிவிட ஆள் தேவை. மலசலகூடமும் குந்துகிற வகை!

உள்ளே போனால் கதை வேறு. முதலில் அம்மாவை நடக்கச் சொல்லிப் பார்த்தார், பிறகு முழங்காலை மடக்கி நீட்டி அழுத்திப் பார்த்தார், படுத்தபடி எடுத்த பழைய எக்ஸ்ரேயை ஒரு பக்கம் வைத்துவிட்டு நின்றபடி ஒன்று எடுத்து வரச் சொன்னார். உடம்பின் பாரம் ஏறும்போதுதான் மூட்டு இடைவெளி எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று சரியாகத் தெரியுமாம். நல்லது, ஆனால் எக்ஸ்ரே அறை கீழே, ஆகவே அம்மா மறுபடி இறங்கி ஏறினார்.

தேய்மானம்தான். "அம்மா, தேங்காய் எதில இருந்து திருவுறனீங்கள்?" என்று கேட்டார். திருவலையில் என்றதும் அதையும் குந்தி இருந்து செய்கிற வேலைகளையும் நிறுத்தச் சொன்னார். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் கிட்டத்தட்ட 4 கிலோ சுமை குறையுமாம். பொல்லு பிடிப்பதென்றால் நோகிற காலுக்கு மற்றப் பக்கக் கையில். மூட்டுக்குள் போடுகிற ஸ்டீரொய்ட் ஊசி சில கிழமைக்கு நோவைக் குறைக்கும், தேய்ந்ததைத் திருப்பித் தராது, இப்போதைக்கு வேண்டாம் என்றார். ஊசியைத் தலையில் கட்டாத இடம் என்பதே எனக்குப் பெரிய விஷயம். அம்மாவுக்குப் பிரஷர் இருப்பதால் கடையில் நோக்குளிசை வாங்கிப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார், பிரஷரும் ஏறும், சிறுநீரகமும் பழுதாகுமாம். அப்புறம் தொடைத் தசையைப் பலப்படுத்தப் பிசியோதெரபி. அம்மாவுக்கு ஒரே கேள்வி, நல்லூர்த் திருவிழா. "போங்கோ, மணலில இருக்காதேங்கோ, கதிரை ஒண்டு கொண்டு போங்கோ."

அவசரமில்லாதவர்கள் அரச கிளினிக்கில் காசில்லாமலே காட்டலாம், காலையில் வரிசை நீளம். இங்கேதான் வருவதென்றால் நம்பர் எடுக்கும்போதே எக்ஸ்ரேயைக் கீழே எடுத்துவிட்டு ஏறலாமா என்று கவுண்டரில் கேளுங்கள்.