நாட்வெஸ்ட் கணக்கு: இரவு பேட்ச் பார்த்தவனின் மதிப்புரை

லண்டனுக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் எந்த வங்கியில் கணக்கு தொடங்கலாம் என்று கேட்கிறார்கள். எனக்கு நாட்வெஸ்டில் பல ஆண்டுகளாகக் கணக்கு உண்டு. செயலியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சட்டென்று திறக்கிறது, தெளிவாக இருக்கிறது. 'கெட் கேஷ்' வசதியை மட்டும் தனியாகப் பாராட்ட வேண்டும். அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்தாலும் செயலியில் ஓர் எண்ணைப் பெற்று, அவர்களுடைய ஏடிஎம்மில் அடித்து 130 பவுண்டு வரை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் வங்கி என்றால் என் கண் செயலிக்குப் பின்னால்தான் போகும். சிறுசேரியில் வெளிநாட்டு வங்கி ஒன்றுக்கு இரவு பேட்ச் பார்த்தவன் நான். பகல் முழுவதும் நடந்த வரவு செலவும், சம்பளமும், வாடகை உத்தரவுகளும் இரவில்தான் கணக்கில் ஏறும். இந்த வேலைகள் ஒவ்வொன்றையும் ஜாப் என்போம். ஒரு ஜாப் முடிந்தால்தான் அடுத்தது கிளம்பும். இந்த வரிசையை நடத்தும் மென்பொருள் படுத்துவிட்டால் காலையில் யார் கணக்கிலும் சரியான இருப்பு தெரியாது.

2012 ஜூனில் அப்படித்தான் படுத்தது. அப்போது நாட்வெஸ்டின் தாய் நிறுவனம் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து. 2008 நெருக்கடியில் பிரிட்டிஷ் அரசு 4,550 கோடி பவுண்டு போட்டுக் காப்பாற்றியதால் 80 சதவீதத்துக்கும் மேல் அரசின் கையில் இருந்தது. அந்த மென்பொருளுக்குப் புதிய பதிப்பு ஏற்றினார்கள், கோளாறு தெரிந்தது, பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள். திரும்பினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கவில்லை. இரண்டு பதிப்புகளும் ஒத்துப்போகவில்லை. பிரிட்டனில் மட்டும் 65 லட்சம் வாடிக்கையாளர்கள் அவதிப்பட்டார்கள். அதே குழுமத்தின் அல்ஸ்டர் வங்கிக்காரர்கள் ஜூலை வரை தவித்தார்கள். 2014இல் பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 5.6 கோடி பவுண்டு அபராதம் விதித்தன.

உடனே பழி இந்தியாவின் மேல் விழுந்தது. அதே மென்பொருளுக்கு ஹைதராபாத்தில் ஆள் எடுத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அரசுப் பணத்தில் பிழைத்த வங்கி உள்ளூர் வேலையை வெளியே அனுப்பலாமா என்று தொழிற்சங்கம் கேட்டது. அது நியாயமான கேள்வி. ஆனால் பழுதான அமைப்பை எடின்பரோவில் இருக்கும் தங்கள் குழுதான் நடத்துகிறது என்று தலைமை நிர்வாகி ஸ்டீபன் ஹெஸ்டரே நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதினார். அந்தக் கடிதத்துக்குப் பிறகும் ஹைதராபாத்தைத் திட்டுவதை விடாதவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

அதற்காக வேலையை அனுப்பியதில் கேடே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிறுசேரியில் எங்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க நான் வேலை பார்த்த அந்த வெளிநாட்டு வங்கியிலிருந்து ஒருவர் வந்தார். கற்றுக்கொடுத்து முடித்ததும் அவருக்கு வேலை போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மாதக் கடைசியில் வட்டி ஜாப் நின்றுபோனால் நின்ற இடத்திலிருந்து ஓட்டக் கூடாது, முதலிலிருந்துதான் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் சிலருக்கு இருமுறை வட்டி ஏறும் என்று தேநீர் குடிக்கும்போது வாய்வார்த்தையாகச் சொன்னார். கையேட்டில் அது இல்லை. ஒரு மஞ்சள் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்தோம். பிரச்சினை என்றால் அழைக்கவும் என்று கையேடு காட்டிய தொலைபேசி எண் அவருடையதுதான். அவர் போன பிறகும் அதை யாரும் மாற்றவில்லை.

அதனால் வேலை எந்த ஊரில் நடக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. நாட்வெஸ்டுக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு, நல்லதுதான். புதிய பதிப்பை ஏற்றும் முன் பழையதற்குத் திரும்ப முடியுமா என்று சோதித்துப் பார்த்தார்களா, இரவு இரண்டு மணிக்கு விவரம் தெரிந்த ஆள் போனை எடுப்பாரா என்பதுதான் என் கவலை. அரசு தன் கடைசிப் பங்கையும் 2025 மே மாதம் விற்றுவிட்டது. இனி இதையெல்லாம் கேட்க வேண்டியவர்கள் பங்குதாரர்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். தாராளமாகக் கணக்கு தொடங்குங்கள். ஆனால் ஒரு மாத வாடகைப் பணத்தை வேறு குழுமத்தின் வங்கியில் போட்டுவையுங்கள். நாட்வெஸ்டும் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் ஒரே குழுமம் என்பதால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது.