அம்மாவுக்கு எந்த ஷன்ட்: நிலையான அழுத்த வால்வா, மாற்றியமைக்கும் வால்வா?

மூளைத் தமனியின் வீக்கம் வெடித்து இரத்தம் பரவிய பன்னிரண்டாம் நாள், அம்மாவின் தலையிலிருந்து வெளியே ஒரு பைக்குச் சென்ற வடிகுழாயை மருத்துவர்கள் மூடிப் பார்த்தார்கள். மாலைக்குள் அம்மா மறுபடியும் எழுப்ப முடியாத அரைத்தூக்கத்தில் ஆழ்ந்துவிட்டார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மி.லி. சுரக்கும் மூளைத் தண்டுவட நீர் இரத்தத்தோடு போய்ச் சேரும் இடங்களைக் கசிந்த இரத்தத்தின் கசடு அடைத்துவிட்டதால், அந்த நீரை உடலுக்குள்ளேயே வேறோர் இடத்துக்கு வடியச் செய்யும் குழாயான ஷன்ட் வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். வெளி வடிகுழாயை நீட்டித்தால் தொற்று வரும். எண்டோஸ்கோப் மூலம் மூளையறையின் தளத்தில் துளையிடும் சிகிச்சை, நீர் ஓடும் வழியிலேயே அடைப்பு உள்ளவர்களுக்குத்தான் பெரிதும் உதவும். ஆகவே எங்கள் முன் எஞ்சியது, எந்த அழுத்தத்தில் நீர் வடிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஷன்ட்டின் வால்வைப் பற்றிய கேள்வி மட்டுமே.

நிலையான அழுத்த வால்வு குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற அளவுகளில் வரும். எதை வைக்கிறார்களோ அதுவே நிலைக்கும். இந்தியாவில் தயாராகும் சாப்ரா ஷன்ட் இவ்வகையில் பலரும் அறிந்தது. உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் அதை விலை கூடிய ஓர் இறக்குமதி ஷன்ட்டோடு ஒப்பிட்டு 2005-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எனவே மலிவானதைத் தரமற்றது என்று ஒதுக்க மாட்டேன். அடைப்பும் தொற்றும் எந்த வால்விலும் வரலாம்.

நாங்கள் பல மடங்கு விலை கொடுத்து மாற்றியமைக்கும் வால்வையே தேர்ந்தெடுத்தோம். அதற்கான காரணம் வீடு திரும்பிய மூன்றாம் வாரத்தில் விளங்கியது. உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் நிம்மதி என்று அம்மா சொல்லத் தொடங்கினார். நீர் அளவுக்கு மீறி வடிந்து, மூளையுறைக்கு அடியில் மெல்லிய நீர்ப்படலம் சேர்ந்திருப்பதை சி.டி. ஸ்கேன் காட்டியது. மருத்துவர், காதுக்குப் பின்னே முடி முளைத்துக்கொண்டிருந்த சிறு மேட்டின் மீது காந்தக் கருவியை வைத்துத் திருப்பி, வால்வின் அழுத்தத்தை இரண்டு படி உயர்த்தினார். சரியாக மாறியதா என்பதை எக்ஸ்ரே உறுதிசெய்தது. ஊசி முனை கூடப் படவில்லை. அடுத்த மாத ஸ்கேனில் அந்தப் படலம் மறைந்திருந்தது. நிலையான வால்வாக இருந்திருந்தால், அதை மாற்றுவதற்காக அவரை மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோக நேர்ந்திருக்கலாம். அந்த ஒரு பயணம் தப்பியதற்கே கொடுத்த பணம் தகும் என்பது என் எண்ணம்.

ஆனால் பராமரிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. தமனி வீக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தொடர் கண்காணிப்பாக எம்.ஆர்.ஐ. எடுக்க நேரும், அந்தக் காந்தப்புலம் சில வகை வால்வுகளின் அளவைத் தானாகவே மாற்றிவிடும். ஸ்கேன் முடிந்ததும் அளவைச் சரிபார்க்க அந்த நிறுவனத்தின் கருவி உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அது நான்கு மணி நேரப் பேருந்துப் பயணம். எம்.ஆர்.ஐ.க்கு அசையாமல் பூட்டிக்கொள்ளும் வகைகளும் கிடைக்கின்றன என்பதை நாங்கள் பிறகே அறிந்தோம். இவ்வகை வால்வை வாங்குபவர்கள் கையெழுத்திடும் முன் அதையும், சரிபார்க்கும் கருவி அருகில் எங்கே உள்ளது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படியொரு மையத்துக்கு எளிதில் போக முடியாத குடும்பத்துக்கு நிலையான வால்வே பொருந்தலாம்.

எங்கள் அனுபவம் ஓராண்டுக்கானதே. பத்தாண்டு கழித்து எந்த வால்வு எப்படி இருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல இயலாது. இப்போது வால்வின் பெயரும் அதன் தற்போதைய அளவும் எழுதிய அட்டை அம்மாவின் பணப்பையில் இருக்கிறது. ஸ்கேன் மையத்தில் பெயரைச் சொல்வதற்கு முன்பே அவர் அதை எடுத்து நீட்டிவிடுகிறார்.