காரைக்குடிப் பக்கம் திருமண அடுக்கு கேக்கிற்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் திருமண வரவேற்புக்கு அடுக்கு கேக் சொல்ல நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஐசிங்கில் நுணுக்கமான கொடிக்கருக்கு வேலை செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, அந்த வேலை ஒருபோதும் நிற்க முடியாத விப்பிங் கிரீமின் மேல் அதைப் பிழிந்து, நடு அடுக்கில் கேக்கிற்குப் பதிலாகத் தெர்மாகோலை வைத்து, பேசிய தொகை முழுவதையும் வாங்கிக்கொண்டார்கள். இது நடந்தது என் தங்கை மகளின் திருமணத்தில். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

எங்கள் குடும்பத்தில் கோயிலில் திருப்பலி முடிந்து வரவேற்பில் கேக் வெட்டுவது என் தாயார் காலத்திலிருந்தே வழக்கம். இம்முறை வரவேற்பைக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தோம். அந்த வீட்டின் பர்மா தேக்கு நிலைக்கதவைச் சுற்றி ஓடும் கொடியைப் பார்த்துவிட்டு, “பெரியம்மா, கேக்குல இதே கொடிதான் வரணும்” என்று தங்கை மகள் ஆசைப்பட்டாள். பெரிய கேக் எதுவும் கேட்கவில்லை. 8 அங்குலம், 6 அங்குலம், 4 அங்குலம் என்று மூன்று சிறிய அடுக்குகள், மொத்தம் மூன்றரைக் கிலோ. சந்தன நிற ஃபாண்டன்ட் (சர்க்கரை மாவைத் தகடாகத் தேய்த்துக் கேக்கின் மேல் போர்த்தும் உறை) போர்த்தி, அதன் மேல் தேக்கு நிறத்தில் ராயல் ஐசிங் கொடி. விலை 14,000 ரூபாய், முன்பணம் 10,000. கதவின் படத்தையும், அடிப்பரப்பு ஃபாண்டன்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். “ஓகே அக்கா, ஃபாண்டன்ட் மேல ராயல் ஐசிங், பக்காவா வந்துரும்” என்று எழுத்தில் பதிலும் வந்தது. இந்த ஒரு வரிதான் இன்று என் கையில் இருக்கும் முதன்மையான சான்று.

நான் ஃபாண்டன்டை வலியுறுத்தியதற்குக் காரணம் உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலை எப்படி நிற்கிறது என்று தெரிந்தால்தான் எங்களுக்குச் செய்யப்பட்டது கவனக்குறைவு அல்ல என்பது புரியும். ராயல் ஐசிங் என்பது முட்டையின் வெள்ளைக்கருவோடு, அல்லது அதற்கு மாற்றான மெரிங்கு பவுடரோடு, ஐசிங் சர்க்கரையைச் சேர்த்து அடித்துச் செய்வது. காற்றுப்படக் காய்ந்து இறுகுவது அதன் குணம். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சிறிது இருந்தாலும் அது கெட்டிப்பட்டு நிற்காது. சர்க்கரையை நன்றாகச் சலிக்காவிட்டால் ஒரே ஒரு சிறு கட்டி போதும், ஐசிங் பிழியும் பையின் நுனியில் மாட்டும் மெல்லிய குழலான ஒன்றாம் எண் நாஸிலின் வாய் அடைத்துக்கொள்ளும். வடிவத்தை முதலில் காகிதத்தில் வரைந்து, கேக்கின் பக்கவாட்டில் பொருத்தி, ஊசியால் மெல்லப் புள்ளி குத்தி எடுத்துக்கொள்வார்கள். அதன் பிறகு நாஸிலின் நுனியைப் பரப்பில் தொட்டு, பையை அழுத்தி, நூலாக இறங்கும் ஐசிங்கைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி, அது தானாக வளைந்து புள்ளிகளின் மேல் படியுமாறு கையை நகர்த்த வேண்டும். சுருள் முடிவதற்கு ஒரு நூலிழை முன்பே அழுத்தத்தை நிறுத்தினால்தான் வால் மெலிந்து முடியும். நிறுத்தாவிட்டால் நுனியில் உருண்டை நிற்கும். முதல் கோடு காய்ந்த பிறகு அதன் முதுகிலேயே இன்னும் மெல்லிய கோட்டை இழுத்து வேலையை உயர்த்துவதும் உண்டு; கேக் அலங்காரக் கலைஞர் ஜோசப் லாம்பெத்தின் பெயரால் லாம்பெத் முறை என்று வழங்கும் பாணியின் அழகு முழுவதும் இந்த ஏற்றுக்கோடுகளில்தான் இருக்கிறது.

இவ்வளவும் காய்ந்த, உறுதியான பரப்பின் மேல்தான் நடக்கும். விப்பிங் கிரீமில் தண்ணீர் இருக்கிறது. ராயல் ஐசிங்கில் உள்ள சர்க்கரை அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கோடு முதலில் மினுமினுக்கும், பிறகு ஓரங்கள் கரையும், பிறகு அதில் சேர்த்த நிறம் ஒழுகும். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சிலும் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்திருக்கிறார்கள். கீழ்ப்பூச்சு இறுகும் முன் மேல்வேலையைத் தொடக்கூடாது என்பது இங்குள்ள கொத்தனார் எவருக்கும் தெரியும். ஐசிங் வேலைக்கும் அதே நியாயம்தான், காசு வாங்கிக் கேக் செய்கிறவருக்கு அது தெரியாது என்று நான் நம்பவில்லை. பட்டர் கிரீமும் எங்கள் ஊர்க் கோடைக்குப் பாதுகாப்பானது அல்ல. வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். ஈஸ்டருக்குப் பிறகு நாங்கள் திருமணம் வைத்த மாதத்தில் வெளியே வெயில் 40 டிகிரியை நெருங்கிக்கொண்டிருந்தது.

கேக் பேசிய நேரத்தைத் தாண்டி, விருந்தினர் வரத் தொடங்கிய பிறகு, ஏசி இல்லாத வண்டியில் வந்தது. கொண்டுவந்த பையன் மீதி 4,000 ரூபாயை வாங்காமல் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று தனக்குச் சொல்லப்பட்டிருப்பதாகக் கூறினான். கூடம் நிறைய ஆட்கள் நிற்கையில் வாசலில் வாக்குவாதம் வேண்டாம் என்று தங்கை கணவர் கொடுத்துவிட்டார். பெட்டியைத் திறந்ததும், அருகில் போய்ப் பார்ப்பதற்கு முன்பே, அது ஃபாண்டன்ட் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஃபாண்டன்டின் விளிம்பு வழவழப்பாக மடிந்து இறங்கும். இதில் கத்தியால் கிரீமை இழுத்த தடம் வரிவரியாகத் தெரிந்தது. குளிர்பெட்டியிலிருந்து நேராக வெக்கையில் எடுத்ததால் மேலெல்லாம் நீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது. கொடி இருந்த இடத்தில் கொடி இல்லை. ஒவ்வொரு சுருளும் தொடங்கிய இடத்தில் தடித்த பழுப்புப் பொட்டு, அதிலிருந்து கீழ்நோக்கி இறங்கிய கசிவு. கீழ் அடுக்கில் இரண்டு இலைகள் மட்டும் எப்படியோ உருக்குலையாமல் இருந்தன, அவற்றைப் பார்த்துத்தான் இது எங்கள் கதவின் வடிவம் என்று சொல்ல முடிந்தது. மேல் அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மணப்பெண் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கரைந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

படம் எடுக்க மேல் அடுக்கை வெட்டினார்கள், அது கேக்தான். பிறகு பந்தியில் கொடுப்பதற்காக நடு அடுக்கில் கத்தியை வைத்தபோது அது இறங்காமல் கிறீச்சிட்டது. கிரீமைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தெர்மாகோல், அதன் மேல் ஒரு தாள்கூடச் சுற்றாமல் நேரடியாகக் கிரீம் பூசியிருந்தார்கள். பெரிய அடுக்கு கேக்குகளில் சில அடுக்குகளை டம்மியாக வைப்பது தொழிலில் உள்ள வழக்கம்தான். வாடிக்கையாளரிடம் சொல்லி, விலையைக் குறைத்து, உண்ணும் பொருளில் ஒட்டாதபடி மூடி வைத்தால் அதில் தவறில்லை. எங்களிடம் சொல்லவில்லை. கிலோக் கணக்கில் காசு வாங்கியிருந்தார்கள்.

மறுநாள் தொலைபேசியில் கேட்டபோது முதலில் வெயில்மேல் பழி போட்டார்கள். ஃபாண்டன்ட் எங்கே என்று கேட்டதற்கு, “அக்கா, ஃபாண்டன்ட் யாருமே சாப்பிட மாட்டாங்க, உங்க நல்லதுக்குத்தான் கிரீம் போட்டோம்” என்றார்கள். தெர்மாகோலைக் கேட்டதும், டெலிவரி எடுத்த பிறகு கடைக்குப் பொறுப்பில்லை என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். பின்னர், வேறொருவர் வழியாக, அரைக் கிலோ கேக் இலவசமாகத் தருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். அதை நான் ஏற்கவில்லை. அதற்குப் பிறகுதான், தங்கள் வேலை என்று எங்களுக்கு அவர்கள் காட்டியிருந்த படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தோம். நாங்கள் மயங்கிய அந்தக் கொடிவேலைப் படம் வெளிநாட்டுக் கேக் கலைஞர் ஒருவருடையது. ஓரத்தில் இருந்த அவர் முத்திரையை வெட்டி எடுத்திருந்தார்கள்.

ஆகவே, இத்தகைய வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் படத்தை நம்ப வேண்டாம். உங்களுடைய வடிவத்திலிருந்து ஒரே ஒரு சுருளை ஒரு துண்டு அட்டையின் மேலோ பட்டர் தாளின் மேலோ பிழிந்து காட்டச் சொல்லுங்கள். கை பழகியவருக்கு அது பத்து நிமிட வேலை, அதைச் செய்யத் தயங்குகிறவருக்குக் கொடிவேலை வராது என்று எடுத்துக்கொள்ளலாம். கேக்கைப் போர்த்திய பிறகு எவ்வளவு நேரம் காயவிடுவார், அடுக்குகளுக்கு இடையே தாங்கு குச்சி வைப்பாரா, ஏசி வண்டியில் வருமா என்று கேளுங்கள். வெள்ளைக்கருவைப் பச்சையாகச் சேர்க்கிறாரா, பவுடரா என்பதையும் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாப்பிடும் பொருள் அது. எல்லா அடுக்கும் கேக்தானா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மீதித் தொகையைப் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே தருவோம் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். வீட்டிலிருந்து செய்து விற்பவருக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். அந்த 14 இலக்க எண் ரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குத் தந்த ரசீதில் அப்படி எந்த எண்ணும் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அதில் தீர்வு வராவிட்டால் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். இதே வட்டாரத்தில் இதே வகையில் ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் படங்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். ஒரே கடையாக இருந்தால் சேர்ந்தே மனுக் கொடுப்போம்.