கிராம் பார்சன்ஸ்: 1969 டேப்பா, 1973 டேப்பா?

ராக்கையும் கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையையும் கலந்து பாடி, 26 வயதிலேயே போய்விட்ட அமெரிக்கப் பாடகர் கிராம் பார்சன்ஸ் மேடையில் எப்படிப் பாடினார் என்று அறிய இந்த இரண்டு நேரடிப் பதிவுகளும் எனக்குப் பொக்கிஷம்.

முதலாவது, 1969 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் அவலான் பால்ரூமில் அவருடைய குழுவான ஃப்ளையிங் பர்ரிட்டோ பிரதர்ஸ் வாசித்தது. கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் ஒலிப் பொறியாளர் ஔஸ்லி ஸ்டான்லி பதிவு செய்தது. முறையாக வெளிவந்தது 2007இல்தான். ஸ்நீக்கி பீட் க்ளைனோவின் பெடல் ஸ்டீல் கிட்டாரைக் கவனியுங்கள். வழக்கமாக அழும் அந்த வாத்தியம், ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் எஃபெக்ட் வழியாக வரும்போது உறுமுகிறது. குரல்கள் அங்கங்கே சுருதி விலகும்தான். ஆனால் ராக்கும் கன்ட்ரியும் முட்டிக்கொண்ட அந்தச் சூடு ஆறவே இல்லை.

1973 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்து ஹெம்ப்ஸ்டெட்டில் வானொலிக்காக வாசித்தது வேறு மாதிரி. ஒலி தெளிவு, கூட்ட இரைச்சல் குறைவு. அப்புறம், கூடப் பாட எம்மிலூ ஹாரிஸ் என்ற பாடகி இருக்கிறார். கிராமின் குரல் நடுங்கி இறங்கும் இடங்களில் அவருடைய குரல் மேலேறித் தாங்கிப் பிடிக்கிறது. அடுத்த ஆறு மாதத்தில் கிராம் இறந்துவிடுவார் என்று தெரிந்து கேட்கையில் தொண்டை அடைக்கிறது.

வாத்தியம் முக்கியம் என்றால் அவலான். பாட்டுதான் என்றால், சரி, யோசிக்கவே வேண்டாம், 1973. இரவில் நான் போடுவது அதைத்தான்.