ரோமில் மீன் சாப்பிடப் போகிறவர்கள் ஆர்டர் சொல்லும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன மே மாதம் நான், மனைவி, மாமியார் மூவரும் ரோமுக்குப் போயிருந்தோம். நவோனா சதுக்கத்தைச் சுற்றிவிட்டு, பக்கத்துச் சந்தில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்தோம். மாமியாருக்கு மீன் என்றால் உயிர். விலைப்பட்டியலில் பிரான்சினோ மீனுக்கு எதிரே 8 யூரோ என்று போட்டிருந்தது. ஒரு தட்டுக்கு 8 யூரோ, பரவாயில்லையே என்று நினைத்துவிட்டோம்.

பரிமாறுபவர் ஒரு தட்டில் ஐஸ் பரப்பி, முழு மீனைக் கொண்டுவந்து காட்டினார். காலையில்தான் வந்தது, மூன்று பேருக்குச் சரியாக இருக்கும் என்றார். தலையாட்டினோம். மீன் நன்றாகவே இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

பில் வந்தது: 182 யூரோ 85 சென்ட். மீன் மட்டும் 112!

கேட்டதும் அவர் பட்டியலைத் திருப்பி, 8-க்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி இருந்த இரண்டு எழுத்துகளைக் காட்டினார். எச், ஜி. அதாவது 100 கிராம். இத்தாலியில் இதை 'எத்தோ' என்பார்கள். மீனின் எடை 1 கிலோ 400 கிராமாம். நம் கண் முன்னால் யாரும் எடை போடவில்லை. மீன் சந்தையில் தராசைப் பார்க்காமல் பணம் தராதவர் என் மாமியார். அன்று இரவு முழுக்க, "என்னாலதானே மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பணம் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

மீதிப் பில்லில் இரண்டு பாஸ்தா 28, தண்ணீர் 10, நாங்கள் கேட்காமலே வைத்த ரொட்டிக்கு 9, அதற்கு மேல் 15 சதவீதம் சேவைக் கட்டணம். அந்தச் சதவீதம் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. ரொட்டி வேண்டாம் என்றால் உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள். தண்ணீருக்கு ரோம் தெருக்களில் 'நசோனி' என்ற இரும்புக் குழாய்கள் எங்கும் இருக்கின்றன. குடிக்கிற தண்ணீர்தான், இலவசம். பாட்டில் கையில் இருந்தால் போதும்.

அப்புறம் கார்டு. மெஷின் யூரோவா ரூபாயா என்று கேட்கும். எங்களிடம் காட்டாமல் பரிமாறுபவரே ரூபாயை அழுத்திவிட்டார். அப்படிச் செய்தால் ஒரு யூரோவுக்கு எத்தனை ரூபாய் என்ற விலையை நம் வங்கி போடாது, அந்த மெஷின்காரர்கள் போடுவார்கள். பெரும்பாலும் அது நமக்கு நஷ்டம்தான். எதில் கட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்குத்தான். அதனால் மெஷினைக் கையில் வாங்கி யூரோவையே அழுத்துங்கள். ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போதும் இதே கேள்வி வரும், அங்கேயும் 'மாற்ற வேண்டாம்' என்றே கொடுங்கள்.

மீன் வேண்டும் என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் சமைக்கும் முன் எடை போடச் சொல்லி, "மொத்தம் எத்தனை யூரோ?" என்று கேட்டு, அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். "குவாந்தோ கோஸ்தா இன் தொத்தாலே?" என்று கேட்டால் புரியும். மறுநாள் வேறொரு கடையில் நாங்கள் அப்படித்தான் கேட்டோம். அந்த அம்மா சிரித்த முகத்தோடு தராசையே மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார்.